பெட்டி விக்கிற அண்டைக்கே சோர்ஸையும் கட்டி வையுங்கோ

போன புரட்டாதி, காலபோகத்துக்கு எல்லாரும் வயல் உழ வெளிக்கிட்ட நேரம், ஒரு பொடியன் எனக்கு வட்ஸ்அப்பில எழுதினவன். "அண்ணை, எங்கட அப்பா கமக்காரர் அமைப்புச் செயலாளர். உங்கட குளப்பெட்டி ஒண்டு எங்கட குளத்தில பூட்டிக் கிடக்கு. அதுக்குள்ள லினக்ஸ் ஓடுறதைக் கண்டனான். ஜிபிஎல் லைசன்ஸ்படி அதின்ர சோர்ஸ் கோட் எனக்குத் தருவியளோ?" அவ்வளவுதான், மரியாதையா நாலு வரி. சோர்ஸ் கோட் எண்டது நிரலை எழுதின ஆக்கள் எழுதின மூல வடிவம், ஜிபிஎல் எண்டது அதை எவரும் பாக்க, மாத்த, பகிர விடுற ஒரு மென்பொருள் உரிமம். அறிவியல் நகரில பொறியியல் படிக்கிற பிள்ளை.

நான் உடன "ஓம் தம்பி, நாளைக்கு அனுப்பிறன்" எண்டு போட்டிட்டன். அந்த நாளைக்கு வர ஏழு கிழமை எடுத்தது. அந்த ஏழு கிழமையில என்ன நடந்தது, என்ன படிச்சம் எண்டதை எழுதோணும் போல கிடக்கு, ஏனெண்டால் இப்ப கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் எங்களை மாதிரி சின்னதா ஏதாவது பெட்டி செய்து விக்கிற பிள்ளையள் கனபேர் இருக்கினம், அவையளில முக்காவாசிப் பேர் இந்த விசயத்தை யோசிச்சே இருக்க மாட்டினம், நாங்களும் யோசிக்கேல்லை.

பெட்டி எண்டால், குளக்கட்டில ஒரு கம்பத்தில ஏத்தி வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி. மேல சோலர் தட்டு, உள்ள சின்ன ரௌட்டர் போர்ட் ஒண்டு, பற்றி, டொங்கிள், கீழ தண்ணியைப் பாத்தபடி ஒரு சென்சர். காலமை ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் குளத்து மட்டத்தை செயலாளற்ற போனுக்கு எஸ்எம்எஸ்ஸா அனுப்பும். மழைக்க மட்டம் கெதியா ஏறினா இடையிலயும் அனுப்பும், வான் பாய முதல் கீழ இருக்கிற சனத்துக்குத் தெரியோணும் எண்டதுக்காக. மூண்டு பேர் சேந்து செய்து 26 பெட்டி வித்தனாங்கள். அதுக்குள்ள ஓடுற கோட்டில எங்கட கையால எழுதினது மிஞ்சிப் போனா மூவாயிரம் வரி. மிச்சம் முழுக்க வேற ஆக்கள் எழுதினது. லினக்ஸ் கேர்ணல் எண்ட மையக்கரு, அடிப்படைக் கட்டளையளைத் தாற பிசிபொக்ஸ், பெட்டியைத் தொடக்கி வைக்கிற யூ-பூட், ரௌட்டருக்கெண்டு செய்த லினக்ஸ் தொகுப்பான ஓப்பன்-டபிள்யூஆர்டியின்ர மற்றச் சாமான்கள். முக்கியமானது எல்லாம் ஜிபிஎல்.

கனபேர் நினைக்கிறது, ஜிபிஎல் எண்டால் ஓசி, எடுத்தமா பாவிச்சமா எண்டு போகலாம் எண்டு. இன்னும் சிலர் மற்றப் பக்கம் நினைக்கினம், ஜிபிஎல் கோட் இருந்தா காசுக்கு விக்கேலாது எண்டு. ரெண்டும் பிழை. தாராளமா விக்கலாம். ஜிபிஎல்லை எழுதின ஸ்டோல்மனே 1985 அளவில ஈமாக்ஸ் எண்ட தன்ர எழுத்துத் தொகுப்பி நிரலை டேப்பில பதிஞ்சு 150 டொலருக்கு வித்தவர். விலைக்கு அங்க கட்டுப்பாடு இல்லை. கட்டுப்பாடு வேற இடத்தில கிடக்கு: நீ ஆருக்குக் குடுக்கிறியோ, உனக்குக் கிடைச்ச அதே உரிமை அவருக்கும் போகோணும். பாக்கிற உரிமை, மாத்திற உரிமை, இன்னொருத்தருக்குக் குடுக்கிற உரிமை. அதாலதான் காப்பிலெஃப்ட் எண்டு பேர், தமிழ்ல அளிப்புரிமை எண்டு சிலர் எழுதுவினம், எனக்கு அந்தச் சொல்லு பிடிக்கும். எங்கட நாட்டிலயும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பதிப்புரிமைக்குள்ள சேத்திருக்கு, அப்ப எழுதின ஆளின்ர அனுமதி இல்லாமல் கொப்பி அடிச்சு விக்கேலாது. ஜிபிஎல்தான் எங்களுக்கு இருக்கிற ஒரே அனுமதி. அதில சொன்ன வேலையைச் செய்யாட்டி அனுமதி இல்லை, ஜிபிஎல் ரெண்டாம் பதிப்பின்ர 4ஆம் பிரிவு அதை நேரா சொல்லுது, மீறினா உரிமை தானாகவே இல்லாமப் போகும்.

எங்கட மூண்டு பேரில ஒருத்தர், அவர் கெட்ட ஆள் இல்லை, கேட்டார்: "உதுக்கெல்லாம் ஆர் மச்சான் அமெரிக்காவில இருந்து மாங்குளத்துக்கு வந்து வழக்குப் போடப்போறான்?" ஒருத்தரும் வர மாட்டினம்தான். ஆனா எனக்கு அந்தக் கேள்வியே பிழையாப் பட்டது. அப்பா தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்க இருந்த மனிசன். பெற்றோல் இல்லை, பற்றி இல்லை. கார்புரேட்டருக்கு ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணையில மோட்டச்சைக்கிள் ஓடினவை, சைக்கிளைக் கவிட்டு வைச்சு பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோ கேட்டவை. அது எப்பிடி முடிஞ்சது? திறந்து பாக்கக்கூடிய மாதிரி சாமான் இருந்தது, அதால முடிஞ்சது. அப்பாவின்ர வாட்டர் பம்ப்பை நான் சின்னனில எத்தினை தரம் முத்தத்தில சாக்கில கழட்டிப் போட்டுக் கிடந்து கண்டிருப்பன். இப்ப நாங்கள் அதே சனத்துக்குத் திறக்கேலாத பெட்டியை விக்கிறம். நாளைக்கு நாங்கள் மூண்டு பேரும் வெளிநாடு போனா, இல்லாட்டி கடையைப் பூட்டினா, அந்தக் குளக்கட்டில நிக்கிற பெட்டி செத்த பெட்டி. சோர்ஸ் இருந்தா அறிவியல் நகரில படிக்கிற ஏதோ ஒரு பிள்ளை அதைத் திருத்தும். இதைச் சொன்ன உடன அவர் ஒண்டும் கதைக்கேல்லை, பேந்து அவர்தான் மற்ற எல்லாரையும் விடக் கூட வேலை செய்தவர்.

சரி, வேலைக்கு வாறன்.

ஜிபிஎல் ரெண்டாம் பதிப்பில 3ஆம் பிரிவைத் திறந்து வசனம் வசனமா வாசிச்சனாங்கள். பெட்டியோட சேத்தே சோர்ஸைக் குடுக்கலாம், இல்லாட்டி குறைஞ்சது மூண்டு வருசத்துக்குச் செல்லுபடியாகிற எழுத்து வாக்குறுதி ஒண்டு குடுக்கோணும், கேக்கிறவர் ஆராயிருந்தாலும், பெட்டி வாங்காத ஆளாயிருந்தாலும், கொப்பி பண்ணி அனுப்பிற செலவை மட்டும் வாங்கிக்கொண்டு சோர்ஸைத் தருவம் எண்டு. எங்கட பெட்டியோட சோர்ஸும் போகேல்லை, வாக்குறுதியும் போகேல்லை, லைசன்ஸ் கொப்பிகூடப் போகேல்லை. ஒரு வரண்டி காட் மட்டும் போனது.

அடுத்தது, சோர்ஸ் எண்டால் என்ன எண்டு எழுதியிருக்கிறது. அங்கதான் நாங்கள் விழுந்தனாங்கள். வெறும் சி ஃபைல்கள் காணாது. அதைப் பெட்டியில ஓடுற வடிவமாக் கட்டுறதுக்கும் இன்ஸ்டோல் பண்ணுறதுக்கும் பாவிச்ச ஸ்க்ரிப்டுகளும் சோர்ஸுக்குள்ள அடக்கம். அதாவது, பெட்டிக்குள்ள கிடக்கிறது எதுவோ, அதே பதிப்பு, அதே பட்ச் (மூலத்தில செய்த மாத்தம்), அதே கொன்ஃபிக் (கட்டேக்க போட்ட தெரிவுகள்). இணையத்தில இருந்து புதுக் கேர்ணலை இறக்கி "இந்தா சோர்ஸ்" எண்டு குடுத்தா அது பொய்.

26 பெட்டியில 15க்கு ஃபெர்ம்வெயர், அதாவது பெட்டிக்குள்ள ஏத்திற மென்பொருள், கட்டினது எங்களோட முதல் இருந்த ஒரு தோழன்ர லப்டொப்பில. அவன் கனடா போயிட்டான், போக முதல் லப்டொப்பை ஃபோமட் பண்ணி வித்திட்டான். எங்களிட்ட இருந்தது கட்டி முடிச்ச இமேஜ் ஃபைலும் எங்கட மூவாயிரம் வரியும். மிச்சத்தை மோப்பம் பிடிச்சுத்தான் எடுத்தது. பெட்டி ஒண்டை மேசையில கொழுவி, பிசிபொக்ஸை வெறுமன ஓட விட்டா முதல் வரியிலயே பதிப்பைச் சொல்லும், அது சுகம். கேர்ணல் கொன்ஃபிக், நல்ல காலம், அவன் கொன்ஃபிக்கையும் கேர்ணலுக்குள்ளயே சேக்கிற தெரிவைப் போட்டுக் கட்டியிருந்தவன், ப்ரொக் ஃபோல்டருக்குள்ள கொன்ஃபிக் அமுக்கின ஃபைலாக் கிடந்தது. ஆனா டொங்கிளுக்காக அவன் கேர்ணலில ஒரு சின்ன மாத்தம் செய்தவன், அது எங்களிட்ட இல்லை. கனடாவுக்கு இரவிரவா கோல் எடுத்துக் கதைச்சு, அவனும் பாவம், வேலையால வந்து பனிக்க நிண்டு நினைவுபடுத்திச் சொல்லி, கடைசியில ஒன்பது வரி மாத்தம் எண்டு கண்டுபிடிச்சம். ஒன்பது வரிக்கு ரெண்டு கிழமை.

அதால சொல்லுறன், கட்டி முடிச்ச அண்டைக்கே எடுத்து வையுங்கோ. ஓப்பன்-டபிள்யூஆர்டியில கட்டுற ஆக்களுக்கு, வெளியில வாற இமேஜ் ஃபோல்டருக்குள்ள கொன்ஃபிக், ஃபீட்ஸ், வெர்சன் எண்டு மூண்டு பில்ட்-இன்ஃபோ ஃபைல் தானாகவே கிடக்கும், அதுகளையும், டிஎல் எண்ட ஃபோல்டரையும், உங்கட பட்ச்சுகளையும் அந்த இமேஜுக்குப் பக்கத்திலயே வையுங்கோ. டிஎல்லுக்க தான் இறக்கின மூலப் பொதியள் எல்லாம் இருக்கும். அதை அழிச்சுப்போட்டு ரெண்டு வருசம் கழிச்சுத் தேடினா, இறக்கின இடமே இல்லாமப் போயிருக்கலாம். பில்ட்ரூட் எண்ட மற்றக் கட்டுற கருவியைப் பாவிக்கிறவைக்கு இன்னும் லேசு, மேக் லீகல்-இன்ஃபோ எண்டு ஒரு கட்டளை குடுத்தா லைசன்ஸ் பட்டியல், லைசன்ஸ் எழுத்து, சோர்ஸ் எல்லாத்தையும் ஒரு ஃபோல்டருக்க சேத்துத் தரும்.

சேத்து முடிச்சு எங்கட மெசினில கட்டிப் பாத்தம், வந்தது. ஆனா எங்கட மெசினில வாறது சாட்சி இல்லை. வவுனியாவில படிப்பிக்கிற மச்சாளிட்ட பெண்டிரைவைக் குடுத்து, ஒண்டும் வாயால சொல்லாமல், உள்ள எழுதிக் கிடக்கிறதை மட்டும் வாசிச்சுக் கட்டச் சொன்னன். மூண்டு இடத்தில நிண்டது. ஒண்டில எங்கட வீட்டு ஃபோல்டர் பேர் ஸ்க்ரிப்டுக்க நேரா எழுதியிருந்தது, அதை நாங்கள் ஆயிரம் தரம் பாத்தாலும் கண்டிருக்க மாட்டம். மச்சாள் நாலாம் தரம்தான் முடிச்சவ. அண்டைக்குத்தான் எனக்கு நெஞ்சு ஆறினது.

இதுக்குள்ள இன்னொரு சிக்கல். எங்கட சொந்த நிரலில, சென்சரை அளவு சரிபாக்கிறதுக்கு ஒரு மெனு இருக்கு, அதில எழுத்து அடிக்க வசதியா எண்டு ரீட்லைன் லைப்ரரியைச் சேத்திருந்தம். லைப்ரரிதானே, ஜிபிஎல்லின்ர இளகின வடிவமான எல்ஜிபிஎல்லா இருக்கும் எண்டு நினைச்சிட்டம். இல்லை, ரீட்லைன் முழு ஜிபிஎல். எல்ஜிபிஎல் லைப்ரரி எண்டால் உங்கட சொந்தக் கோட்டைத் திறக்காமல் பாவிக்கலாம், வேற நிபந்தனையள் இருக்கு, ஆனா திறக்கத் தேவையில்லை. ஜிபிஎல் லைப்ரரியை இணைச்சு விநியோகிச்சா, முழு நிரலும் ஜிபிஎல்லுக்குக் கீழதான் போகோணும். இதே ரீட்லைனாலதான் சிலிஸ்ப் எண்ட நிரல் 1992இல ஜிபிஎல்லுக்கு மாறினது, ஸ்டோல்மனும் அதை எழுதினவரும் கடிதத்தில வாதாடிக் கடைசியில அப்பிடி முடிஞ்சது. எங்களுக்கு ரெண்டு வழி: ரீட்லைனைக் கழட்டிப்போட்டு சோர்ஸைத் திறக்கச் சொல்லாத பிஎஸ்டி லைசன்ஸில இருக்கிற லிப்-எடிட்டைப் போடுறது, இல்லாட்டி எங்கட மூவாயிரம் வரியையும் திறக்கிறது. கழட்டினா இனி வாற பெட்டிக்கு மருந்து, வித்த பெட்டிக்கு மருந்தில்லை. வேற ஆரும் பாத்துச் செய்து மலிவா விப்பினமோ எண்ட பயம் இருந்தது, பொய் சொல்லேல்லை, ரெண்டு நாள் கதைச்சம். திறந்திட்டம். எங்கட பெட்டியை ஆக்கள் வாங்கிறது அந்தக் கோட்டுக்காக இல்லை, இடிமின்னலுக்குப் பெட்டி நிண்டா அடுத்த நாள் மோட்டச்சைக்கிளில வந்து நிக்கிறம் எண்டதுக்காக.

மற்ற 11 பெட்டிக் கதை வேற. அது முதல் தொகுதி. கொழும்பில ஒரு இறக்குமதிக் கடையில வாங்கின போர்ட், அதோட வந்த ஃபெர்ம்வெயரையே வைச்சு மேல எங்கட நிரலை ஏத்தி வித்தது. அந்தக் கடைக்கு எழுதிக் கேட்டம், எங்களுக்குத் தெரியாது எண்டிச்சினம். செய்த கொம்பனிக்கு எழுதினம், அது தங்கட வியாபார ரகசியம் எண்டு ஒரு வரியில பதில். அவை தரேல்லை எண்டு நாங்கள் தப்பேலாது. இதைக் கட்டாயம் விளங்கிக்கொள்ளுங்கோ. மேல இருக்கிறவன் மீறினாலும், உங்கட கையால வித்தது நீங்கள், பொறுப்பு உங்களுக்கும்தான். வாங்கிற முதலே கேளுங்கோ, சோர்ஸ் தருவியளோ எண்டு, எழுத்தில கேளுங்கோ, தராட்டி அந்த போர்ட் மலிவெண்டாலும் வேண்டாம்.

ஒரே வழி, அந்த 11 பெட்டியிலயும் அந்தக் கேர்ணலைத் தூக்கிப்போட்டு, சோர்ஸ் எங்களிட்ட இருக்கிற ஓப்பன்-டபிள்யூஆர்டியை ஏத்திறது. அந்தச் சிப்புக்கு அது ஓடக்கூடியதா இருந்தது எங்கட அதிஷ்டம். முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குளத்தில, ஐப்பசி மழைக்க, குளக்கட்டில ரெக்ஸின் ஒண்டை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு, லப்டொப்பை மடியில வைச்சு, சீரியல் வயரை போர்ட்டில கொழுவி யூ-பூட்டுக்குள்ள போய் ஏத்தினம். அந்தக் குளத்து ஐயா ஒருத்தர் குடையோட வந்து நிண்டு கேட்டார், "என்ன தம்பியவை, பழுதோ?" "இல்லை ஐயா, இது நல்லா வேலை செய்யுது, ஆனா உங்களுக்குத் தரவேண்டிய ஒண்டைத் தராமல் வித்துப்போட்டம், அதுக்குத்தான் வந்தனாங்கள்" எண்டன். அவர் கொஞ்சம் யோசிச்சிட்டு, "அப்ப பெமிற் இல்லாமல் வாகனம் தந்த மாதிரியோ" எண்டு கேட்டார். அவ்வளவு சரியா எனக்குச் சொல்ல வந்திருக்காது.

பழைய பிழைக்கு என்ன எண்டு கேக்கலாம். ரெண்டாம் பதிப்பில மன்னிப்புக்கு இடமே எழுதேல்லை. 2007இல வந்த மூண்டாம் பதிப்பு முதல் தரம் பிழை விட்டவனுக்கு அறிவித்தல் கிடைச்சு 30 நாளுக்குள்ள திருத்தினா உரிமை திரும்பும் எண்டு எழுதியிருக்கு. லினக்ஸ் கேர்ணல் இன்னும் ரெண்டாம் பதிப்பிலதான், ஆனா 2017 ஐப்பசியில கேர்ணல் எழுதிற ஆக்கள் கனபேர் கையெழுத்து வைச்சு, தங்கட பங்குக்கு அந்தத் தவணையையே தாறம் எண்டு அறிவிச்சவை. பிழையைத் திருத்த வாறவனைக் கலைக்கிற ஆக்கள் இல்லை அவை. எனக்கு அதை வாசிக்க ஒரு நிம்மதி.

இன்னொண்டும் வாசிச்சன். நாங்கள் பாவிக்கிற ஓப்பன்-டபிள்யூஆர்டியே இந்தப் பொடியன் கேட்ட மாதிரி ஒரு கேள்வியால வந்தது. லிங்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டருக்க லினக்ஸ் ஓடுது எண்டு கண்ட ஆக்கள் சோர்ஸ் எங்க எண்டு கேட்க, 2003இல அது வெளியில வந்தது, அதில தொடங்கி 2004இல ஓப்பன்-டபிள்யூஆர்டி பிறந்தது. பேரிலயே அந்த ரௌட்டர் கிடக்கு. அண்டைக்கு அவை கேக்காமல் விட்டிருந்தா எங்கட பெட்டியே இல்லை.

இப்ப பெட்டியோட ஒரு உறை போகுது. உள்ள ஜிபிஎல் லைசன்ஸ் இங்கிலிசில, ஏனெண்டால் சட்டப்படி செல்லுறது இங்கிலிஸ் மூலம்தான், மொழிபெயர்ப்பை ஜிபிஎல்லை வெளியிடுற கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதிகாரபூர்வமா ஏத்துக்கொள்ளுறேல்லை. அதோட ஒரு தாள் தமிழ்ல, பெரிய எழுத்தில: "இந்தப் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளில் பெரும்பகுதி கட்டற்ற மென்பொருள். அதன் மூல நிரலைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பெட்டி வாங்கிய நாளிலிருந்து மூன்று வருடங்களுக்கு, யார் கேட்டாலும், பெண்டிரைவ் விலையும் தபால் செலவும் மட்டும் பெற்றுக்கொண்டு அனுப்பி வைப்போம்." கீழ எங்கட விலாசம், போன் நம்பர், அந்தப் பெட்டியின்ர ஃபெர்ம்வெயர் பதிப்பு எண். அந்த எண் முக்கியம், அது இல்லாட்டி எந்தச் சோர்ஸ் எந்தப் பெட்டிக்கு எண்டு எங்களுக்கே பேந்து தெரியாது. நாங்கள் மாத்தின ஒவ்வொரு ஃபைலிலயும் நாங்கள் மாத்தினது எண்டும் திகதியும் போட்டிருக்கு, அதுவும் லைசன்ஸ் கேக்கிறது. சீரியல் வாசலுக்கு முதல் ஒரு பாஸ்வேர்ட் போட்டிருந்தம், அதையும் எடுத்திட்டம். சோர்ஸைக் குடுத்துப்போட்டு ஏத்த விடாட்டி அது என்ன குடுக்கிறது.

பொடியனுக்கு கார்த்திகை முதல் கிழமையில பெண்டிரைவைக் கையில கொண்டுபோய்க் குடுத்தன். அப்பதான் கேட்டன், என்னத்துக்குத் தம்பி இது எண்டு. அவன் சொன்னான், "அப்பாவுக்கு இங்கிலிஸ் எஸ்எம்எஸ் விளங்கிறேல்லை அண்ணை. ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு எனக்கு அனுப்பிக் கேப்பார். எக்ஸாம் நேரம் நான் போன் பாக்கிறேல்லை."

எங்களுக்கு இதை ஒருத்தரும் சொன்னதில்லை. நாங்கள் இங்கிலிசில விட்டது, அதில 160 எழுத்துப் போகும், தமிழ்ல எண்டால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70தான், அதிலயும் 'தண்ணி' எண்டு எழுதினா எங்கட கண்ணுக்கு மூண்டு எழுத்து, போனுக்கு அஞ்சு, குத்தும் விசிறியும் தனித்தனியா எண்ணும். காசு கூடும் எண்டு விட்டது. அவன் ரெண்டு நாளில அதைச் செய்திட்டான். தேவையில்லாத சொல்லெல்லாம் வெட்டி, "மட்டம் 14 அடி 3 அங். வான் பாயேல்லை." இது 35தான். ஒரு எஸ்எம்எஸ்ஸில சரி பாதி. திருத்தினதை எங்களுக்கும் திருப்பி அனுப்பினவன், அனுப்போணும் எண்டு லைசன்ஸில ஒரு கட்டாயமும் இல்லை, அவனா அனுப்பினது. அவன்ர பேரையும் போட்டு எங்கட சோர்ஸில சேத்திட்டம், புதுப் பெட்டி எல்லாம் இப்ப தமிழ்லதான் பேசுது.

11 பெட்டியில ஒன்பது முடிஞ்சுது. ரெண்டு பாக்கி, ரெண்டும் ஒட்டுசுட்டானுக்கு அங்கால, பாலத்துக்கு மேலால தண்ணி ஓடுறதால போகேலாமக் கிடக்கு. அந்த ரெண்டு செயலாளரிட்டயும் போனில விசயத்தைச் சொல்லியாச்சு, உறையைத் தபாலில அனுப்பியாச்சு. தண்ணி வத்தினதும் நானும் மற்றவரும் போறம்.